ஸ்மித்ஸ் சிங்கிள்கள் பதினேழையும் சேர்க்க ஆசை: எதில் தொடங்கலாம், பள்ளத்தூர் வீட்டில் எப்படி வைக்கலாம்?

பள்ளத்தூர்க்காரி எழுதியது:

வணக்கம். மான்செஸ்டர் ராக் குழுவான தி ஸ்மித்ஸ் கேட்கிற தமிழர்கள், அதுவும் இசைத்தட்டில் கேட்கிறவர்கள், இங்கே ரெண்டு மூணு பேராவது இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

எங்க அம்மான் எண்பதுகளில் மான்செஸ்டரில் யூமிஸ்ட் என்கிற தொழில்நுட்பக் கல்லூரியில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஊர் திரும்பும்போது ஒரு டர்ன்டேபிளும் நாலு சின்ன ரெக்கார்டும் கொண்டுவந்தார். ‘ஹெவன் நோஸ் ஐம் மிஸரபிள் நவ்’, ‘வில்லியம், இட் வாஸ் ரியலி நத்திங்’, ‘ஷேக்ஸ்பியர்ஸ் சிஸ்டர்’, ‘பேனிக்’. நாலுமே ரஃப் டிரேட் கம்பெனி வெளியிட்டவை. அவர் இப்போது கோயம்புத்தூரிலேயே தங்கிவிட்டார். “நீயே வெச்சுக்க ஆத்தா, எனக்குக் கேக்க நேரமில்ல” என்று பெட்டியோடு கொடுத்துவிட்டார்.

ஃபோனில் எல்லாப் பாட்டும் கிடைக்கிறது. நானும் அப்படித்தான் கேட்டுப் பழகினேன். ஆனால் ‘வில்லியம்’ தட்டைத் திருப்பிப் போட்டு, ‘ப்ளீஸ் ப்ளீஸ் ப்ளீஸ் லெட் மீ கெட் வாட் ஐ வான்ட்’ கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. ரெண்டு நிமிஷம்கூட இல்லாத பாட்டு. முடிந்ததும் அடுத்த பாட்டு ஏதும் தானாக வந்து விழவில்லை. ஊசி நடுவில் போய் நின்றது. நான் எழுந்து போய்த்தான் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இவர்கள் 1983 முதல் 1987 வரை பிரிட்டனில் போட்ட சிங்கிள் (ஒரு பாட்டை முன்னிறுத்திப் போடுகிற தட்டு) எல்லாவற்றையும் சேர்ப்பது என்று. நான் எம்.எஸ்ஸி. மாணவி, கையில் பெரிய காசு கிடையாது. மெதுவாகத்தான் வாங்க முடியும். அதனால்தான் வரிசை முக்கியமாகப் படுகிறது.

கேட்க நினைப்பவை இவை. பழைய அச்சு, மறு அச்சு வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏழு அங்குலம் மட்டும் போதுமா, பன்னிரண்டு அங்குலமும் வேண்டுமா? வெளிநாட்டில் வாங்கி இங்கே வரவழைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? எங்கள் வீடு நடுவில் திறந்த முற்றம் வைத்த பழைய வளவு வீடு, பாதி அறை பூட்டித்தான் கிடக்கிறது. சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ரெக்கார்டுகளை எந்த அறையில் வைக்கலாம்?

சின்ன சந்தேகங்கள் ரெண்டு. ‘ஹெவன் நோஸ்’ உறையில் செங்கல் வீடுகள் இருக்கிற தெருவில் ஒரு பொம்பளை நிற்கிறார், அவர் யார்? என் ‘வில்லியம்’ உறையில் ஒரு ஆள் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஸ்பீக்கர். நெட்டில் வேறு படத்தோடும் இதே ரெக்கார்டைப் பார்த்தேன். என்னுடையது அசல்தானா?

கேட்பது இப்போதைக்கு ஒரு சூட்கேஸ் பிளேயரில். அம்மானின் டர்ன்டேபிள் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. மோட்டார் ஓடுகிறது, ரெக்கார்டு வைக்கிற தட்டு சுற்றவில்லை.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

தங்கச்சி, ‘வில்லியம்’ கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். உங்களுடையது அசல். 1984-இல் வந்தபோது அந்தக் கட்டில் படம்தான் இருந்தது. அது ஏதோ ஒரு விளம்பரத்துக்காக எடுத்த படம், உரிமைச் சிக்கல் வந்தது. பிற்பாடு 1987-இல் மறுபடி அச்சிட்டபோது நடிகை பில்லி ஒயிட்லாவின் படத்தைப் போட்டார்கள். நீங்கள் நெட்டில் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். அதுவும் போலி இல்லை, காலம்தான் வேறு.

‘ஹெவன் நோஸ்’ உறையில் நிற்பவர் விவ் நிக்கல்சன். வட இங்கிலாந்தில் காசில்ஃபோர்டு என்கிற ஊரைச் சேர்ந்தவர், உழைக்கும் குடும்பத்துப் பெண். 1961-இல் அவரும் கணவரும் கால்பந்துப் பந்தயச் சீட்டில் 1,52,319 பவுண்டு ஜெயித்தார்கள். அந்தப் பணத்தை முழுக்கச் செலவழித்தே பிரிட்டன் பூராவும் பேர் வாங்கியவர். பாட்டின் பெயரையும் அந்த முகத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பாடகர் மோரிஸி எதையும் யோசிக்காமல் உறையில் போடவில்லை. இவர்களுடைய பிரிட்டிஷ் சிங்கிள் உறைகளில் குழுவின் நால்வரும் சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பாலும் பழைய சினிமா, டிவி முகங்கள், ஒற்றை நிறம் பூசிய கறுப்பு வெள்ளை. ‘ஷேக்ஸ்பியர்ஸ் சிஸ்டர்’ உறையில் டிவி நடிகை பாட் ஃபீனிக்ஸ், ‘ஆஸ்க்’ உறையில் இன்னொரு டிவி நடிகை யூத்தா ஜாய்ஸ், ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ உறையில் இளம் வயசு எல்விஸ். எனக்கு இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் டென்ட் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தக அட்டைகள்தான் ஞாபகம் வரும். அதே மலிவுத் தாள், அதே ஒற்றை மை, அதே அழகு.

‘வாட் டிஃபரன்ஸ் டஸ் இட் மேக்’ வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். முதலில் நடிகர் டெரன்ஸ் ஸ்டாம்ப் படம் போட்டார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உடனே மோரிஸி அதே மாதிரி நின்று, கையில் ஒரு கிளாஸ் பாலோடு படம் எடுத்து மாற்றினார். அப்புறம் ஸ்டாம்ப் சம்மதித்ததும் பழைய படமே திரும்பி வந்தது. பால் கிளாஸ் உறை குறைவாகத்தான் புழக்கத்தில் இருக்கிறது, விலையும் கூட. பாட்டு கேட்க வேண்டும் என்றால் ஸ்டாம்ப் உறையே போதும். அந்த வித்தியாசத்துக்கு இப்போது நீங்கள் காசு கொட்ட வேண்டாம்.

இனி வரிசைக்கு வருகிறேன். 1983 மே மாதம் ‘ஹேண்ட் இன் க்ளவ்’, ரஃப் டிரேட் எண் ஆர்டி 131. 1987 கடைசியில் ‘லாஸ்ட் நைட் ஐ ட்ரெம்ட் தட் சம்படி லவ்டு மீ’, ஆர்டி 200. இந்த ரெண்டையும் சேர்த்து மொத்தம் பதினேழு சிங்கிள். அதே காலத்தில் ஸ்டூடியோ எல்பி (பல பாட்டு அடங்கிய பெரிய தட்டு) நாலே நாலு. கணக்கைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். மற்ற குழுக்கள் எல்பியில் இருந்து ரெண்டு பாட்டைப் பிய்த்து, எல்பியை விற்பதற்காகச் சிங்கிள் போடும். இவர்கள் சிங்கிளுக்காகவே பாட்டு எழுதினார்கள். ‘திஸ் சார்மிங் மேன்’, ‘ஹெவன் நோஸ்’, ‘வில்லியம்’, ‘ஷேக்ஸ்பியர்ஸ் சிஸ்டர்’, ‘பேனிக்’, ‘ஆஸ்க்’, ‘ஷாப்லிஃப்டர்ஸ்’, ‘ஷீலா டேக் எ பௌ’ எதுவும் அன்றைக்கு வந்த பிரிட்டிஷ் ஸ்டூடியோ எல்பிகளில் கிடையாது. கிட்டாரில் ஜானி மார், பேஸில் ஆண்டி ரூர்க், டிரம்ஸில் மைக் ஜாய்ஸ். இந்த மூணு பேரும் மூணு நிமிஷத்துக்குள் ஒரு முழு உலகத்தைக் கட்டி முடித்துவிடுவார்கள். ஸ்மித்ஸை முழுசாகச் சேர்ப்பது என்றால் சிங்கிளைச் சேர்ப்பதுதான். எல்பி பிறகு வரட்டும்.

அதனால் என் யோசனை, வேறு எங்கும் கிடைக்காதது எதில் இருக்கிறதோ அதை முதலில் வாங்குங்கள். என் பட்டியலில் முதல் இடம் ‘திஸ் சார்மிங் மேன்’ ஏழு அங்குலம், ஆர்டி 136. அதன் பின்பக்கம் ‘ஜீன்’. ட்ராய் டேட் தயாரித்த பதிவு. குழு இருந்த காலத்தில் அந்தப் பாட்டு எந்தத் தொகுப்பிலும் சேரவில்லை, 2008-இல்தான் ஒரு தொகுப்பில் இடம் கிடைத்தது. காசில்லாத ஒரு ஜோடி, குளிக்கிற தொட்டியில் பனி உறைகிற வீடு, அவ்வளவுதான் கதை. மோரிஸி சிரித்துப் பாடுகிறாரா, அழுது பாடுகிறாரா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

ரெண்டாவது, ‘ஹேண்ட் இன் க்ளவ்’. இந்தப் பாட்டு முதல் எல்பியில் இருக்கிறதே என்பார்கள். அது வேறு மிக்ஸ். சிங்கிளில் இருப்பது ஸ்டாக்போர்ட் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் எடுத்த பதிவு. ஹார்மோனிகா தூரத்தில் இருந்து ஏறி வந்து, போகும்போதும் தேய்ந்து மறையும். பின்பக்கம் ‘ஹேண்ட்ஸம் டெவில்’, 1983 பிப்ரவரியில் மான்செஸ்டர் ஹாசியெண்டா கிளப்பில் நேரடியாக எடுத்தது. விலை மற்றவற்றை விடக் கூடத்தான் இருக்கும். வந்த புதிதில் அதிகம் விற்காத தட்டு. பொறுத்து வாங்குங்கள்.

ஏழு அங்குலமா பன்னிரண்டா என்ற கேள்விக்கு என் பதில், ஏழுதான். ரெண்டே இடத்தில் பன்னிரண்டு கட்டாயம். முதலாவது ‘வில்லியம்’, ஆர்டிடி 166 (பன்னிரண்டு அங்குலம் என்றால் எண் ஆர்டிடி). ‘ஹவ் சூன் இஸ் நவ்’ முதன்முதலில் வந்தது அந்தத் தட்டின் பின்பக்கத்தில், மூணாவது பாட்டாக! கிட்டத்தட்ட ஏழு நிமிஷப் பாட்டு. பிற்பாடு 1985-இல் அதையே தனி சிங்கிளாகப் போட்டபோது ஏழு அங்குலத்துக்காகப் பாதியாக வெட்டிவிட்டார்கள். முழுப் பாட்டு, ஊசி ஓடும் அகலமான கோட்டில், நிமிஷத்துக்கு 45 சுற்று வேகத்தில் சுற்றும்போது அந்த நடுங்குகிற கிட்டார் சுவரெல்லாம் நிறையும். உங்கள் பட்டாலைக் கூடத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று ‘த பாய் வித் த தார்ன் இன் ஹிஸ் சைட்’, ஆர்டிடி 191. அதன் பின்பக்கத்தில் ‘ரப்பர் ரிங்’ முடிகிற இடத்தில் யாரோ பேசும் குரல் ஒன்று வரும். அந்தக் குரல் அடங்குவதற்குள் ‘அஸ்லீப்’ பியானோ தொடங்கிவிடும். ரெண்டும் ஒரே மூச்சு. ‘த வேர்ல்ட் வோன்ட் லிஸன்’ தொகுப்பில் ரெண்டு பாட்டும் உண்டு, ஆனால் ஒன்று ஒரு மூலையில், மற்றது இன்னொரு மூலையில். ‘ரப்பர் ரிங்’ நமக்காகவே எழுதிய பாட்டு. உயிரைக் காப்பாற்றிய பாட்டுகளை வளர்ந்த பிறகு மறந்துவிடாதே என்று கேட்கிற பாட்டு. அதை ஊசியும் கோடுமாகக் கேட்க வேண்டும்.

அசலைக் கண்டுபிடிக்க மூணு இடம் பாருங்கள். லேபிளில் ரஃப் டிரேட் பெயர். உறையில் ஆர்டி எண். கடைசிக் கோட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் இருக்கிற வெற்றுப் பட்டையில் அதே எண். இந்தப் பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க மறக்காதீர்கள். கையால் கீறிய வாசகங்கள் இருக்கும். ‘ஹேண்ட் இன் க்ளவ்’ தட்டில் ‘கிஸ் மை ஷேட்ஸ்’, ‘பிக்மவுத்’ தட்டில் ‘டாலன்ட் பாரோஸ், ஜீனியஸ் ஸ்டீல்ஸ்’, ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ தட்டில் ‘ஆல்ஃப் ராம்ஸீஸ் ரிவெஞ்ச்’. உங்களிடம் இருக்கிற ‘ஹெவன் நோஸ்’ தட்டில் ‘ஸ்மித்ஸ் இன்டீட்’ இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

லேபிளில் டபிள்யூஇஏ என்கிற வேறு கம்பெனியின் பெயர் இருந்தால் அது தொண்ணூறுகளில் வந்த மறு அச்சு. 1992-இல் ‘திஸ் சார்மிங் மேன்’ மறுபடி வந்து பிரிட்டிஷ் பட்டியலில் எட்டாம் இடம் பிடித்தது. 1983-இல் வந்தபோது இருபத்தைந்துதான். 2008-இல் ஏழு அங்குலத் தட்டுகளாகவே ஒரு பெட்டியும் வந்தது, அதில் பதினேழும் இல்லை. மறு அச்சில் தப்பு ஒன்றுமில்லை, அசல் விலைக்கு வாங்காமல் இருந்தால் சரி. ‘பிரிக்காத சீல் உறை’ என்று யாராவது ரஃப் டிரேட் ஏழு அங்குலத்தை விற்றால் கூடுதலாக விசாரியுங்கள். பிரிட்டனில் அந்தக் காலத்துச் சிங்கிள்கள் பொதுவாக பிளாஸ்டிக் சுற்றி வந்ததில்லை.

வீட்டு விஷயம். மாடி அறை வேண்டாம். இரண்டாங்கட்டில், வளவின் சாரல் படாத, மேற்குச் சுவர் இல்லாத ஒரு கீழ் அறையைத் தேர்ந்தெடுங்கள். நம்முடைய சுண்ணாம்புச் சுவரின் கனமும் ஆத்தங்குடித் தரையும் சித்திரையில் செய்கிற உதவியை ஏசிகூடச் செய்யாது. படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள், சாயாமல். பெட்டியைத் தரையில் வைக்கவே கூடாது. நம்ம ஊர்க் கறையானுக்குப் பிளாஸ்டிக் பிடிக்காது, ஆனால் காகித உறையை ஒரே மழைக்காலத்தில் தின்று தீர்த்துவிடும். உறை போனால் பாதி ரெக்கார்டு போன மாதிரி. ஒவ்வொன்றுக்கும் வெளியே பிளாஸ்டிக் உறை போட்டு, மாதம் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். பூட்டியே கிடக்கிற அறையில் வைக்காதீர்கள், தினமும் கதவு திறக்கிற அறையில் வையுங்கள்.

காரைக்குடிக்கு இசைத்தட்டு ஒன்றும் புதுசில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏவி.மெய்யப்பன் சினிமாவுக்குப் போவதற்கு முன்னால், அவர்கள் குடும்பத்தின் ஏவி அண்ட் சன்ஸ் கடையில் கிராமஃபோன் தட்டு விற்றார்கள். அதற்கப்புறம்தான் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ், அதற்கும் அப்புறம் எங்க தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ. நீங்கள் செய்வது இந்த மண்ணுக்குப் பழகிய வேலைதான்.

கோட்டையூர் டு ஈஸ்ட்ஹாம் எழுதியது:

ரஸ்தா அண்ணன் பாட்டைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் வாங்குகிற வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கே லண்டனில் விற்கிறவர்கள் தட்டின் நிலையை மேலிருந்து கீழாக மின்ட், நியர் மின்ட், விஜி ப்ளஸ், விஜி (வெரி குட்) என்று எழுதுவார்கள். பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் போடுகிற மதிப்பு அது. “போட்டுக் கேட்டீர்களா?” என்று ஒரு வரி கேளுங்கள். பதில் வருகிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும். லேபிள், ரெண்டு பக்க வெற்றுப் பட்டை, உறையின் முதுகு, நாலுக்கும் படம் கேளுங்கள். தர மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள். நியர் மின்ட் தேடி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நல்ல விஜி ப்ளஸ் தட்டு, சுத்தம் செய்தால், அருமையாகப் பாடும். ‘பேனிக்’, ‘ஷீலா’, ‘ஆஸ்க்’ எல்லாம் அந்தக் காலத்தில் நன்றாக விற்றவை, அதனால் சுலபமாகக் கிடைக்கும். ‘ஷீலா’ பத்தாம் இடம் வரை போனது. ‘தட் ஜோக் இஸன்ட் ஃபன்னி எனிமோர்’ நாற்பத்தொன்பதோடு நின்றுவிட்டது, அதைக் கண்ணில் பட்டபோது எடுத்துவிடுங்கள்.

அனுப்பும்போது தட்டை உறைக்கு வெளியே, தனிக் காகித உறையில் வைத்து, ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை கொடுக்கச் சொல்லுங்கள். உறைக்குள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் குலுங்கி உறையின் ஓரம் பிளந்துவிடும். சுங்க வரி ரெக்கார்டு விலைக்கு மட்டும் இல்லை, தபால் செலவையும் சேர்த்துத்தான் கணக்கு. விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் திரும்பி வரும், அதோடு அது தப்பு.

இதைவிட நல்ல வழி நம்ம ஆட்கள்தான். சிங்கப்பூர், கோலாலம்பூரில் இருந்து திருச்சிக்கு வராத வாரம் உண்டா? ஏழு அங்குலத் தட்டு கைப்பையிலேயே அடங்கும். சிங்கப்பூரில் அடெல்ஃபி கட்டடத்தில் பழைய ரெக்கார்டு கடைகள் உண்டு. பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலில் வார இறுதிச் சந்தையில் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள். அங்கே யாராவது சொந்தக்காரர்கள் இருந்தால் பட்டியல் கொடுங்கள். நானும் தை மாதம் வருகிறேன். இங்கே பழைய பொருள் விற்கிற ஆக்ஸ்ஃபாம் தொண்டுக் கடைகளிலும் ரெக்கார்டு சந்தைகளிலும் பார்த்து வைக்கிறேன், உங்கள் பட்டியலைத் தாருங்கள். சூட்கேஸில் வைக்காமல் கையோடுதான் கொண்டுவருவேன்.

மானகிரி எழுதியது:

ஒரு கேள்வி கேட்கலாமா? ‘ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ’, ‘த வேர்ல்ட் வோன்ட் லிஸன்’ ரெண்டு எல்பி வாங்கினால் சிங்கிள் பாட்டெல்லாம் அநேகமாக வந்துவிடுமே? மாணவிக்கு இவ்வளவு செலவு எதற்கு? மிச்சக் காசில் ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம். தட்டுக்குத் தட்டு எழுந்து போய்த் திருப்புவதைவிட எல்பிதான் நிம்மதி என்பது என் கருத்து.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

நியாயமான கேள்வி, மானகிரி. ஸ்பீக்கர் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன்.

ஆனால் ‘ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ’வில் இருக்கிற ‘திஸ் சார்மிங் மேன்’ பிபிசி வானொலிக்காக வாசித்தது. ‘வாட் டிஃபரன்ஸ்’ பாட்டும் அப்படியே. சிங்கிளில் ஜானி மாரின் கிட்டார் அடுக்கு மேல் அடுக்காக இருக்கும். வானொலிப் பதிவில் அது இல்லை. பதிலுக்கு அதில் வேறு ஒரு வேகம் இருக்கிறது, நான் அதையும் விரும்பிக் கேட்பவன்தான். ரெண்டும் ரெண்டு பதிவு. ஒன்று இருந்தால் மற்றது வந்துவிட்டதாக ஆகாது. ‘ஜீன்’ ரெண்டு எல்பியிலும் இல்லை. ‘ரப்பர் ரிங்’, ‘அஸ்லீப்’ பிரிந்துபோன கதையைச் சொல்லிவிட்டேன். ‘கேர்ள்ஃப்ரெண்ட் இன் எ கோமா’ பன்னிரண்டு அங்குலத்தின் பின்பக்கத்தில் இருக்கிற ‘ஐ கீப் மைன் ஹிட்டன்’தான் நால்வரும் சேர்ந்து கடைசியாகப் பதிந்த பாட்டு. அந்த ரெண்டு தொகுப்புக்கும் பிறகு எடுத்தது அது, எப்படி அவற்றில் இருக்கும்?

எழுந்து போய்த் திருப்புவதைத்தான் அந்தப் பெண் முதல் பதிவிலேயே தனக்குப் பிடித்தது என்று எழுதியிருக்கிறார். ஒரு பாட்டை மட்டும் கேட்பதற்காக எழுந்து போகிறவரிடம் அதை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. ஒரே பாட்டுக்கு ஒரு உறை, ஒரு முகம், ஒரு எண் என்று இந்தக் குழு அவ்வளவு அக்கறை எடுத்துச் செய்ததும் அப்படிக் கேட்பவர்களுக்காகத்தான்.

புதுவயல் சவுண்டு சர்வீஸ் எழுதியது:

எனக்கு இங்கிலீஷ் பாட்டு பழக்கமில்லை. ஆனா நாப்பத்தஞ்சு வேக ரெக்கார்டு நல்லாவே பழக்கம். மைக் செட் வெச்சிருந்த குடும்பம் எங்களது. கல்யாணம், காது குத்து, செவ்வாய்த் திருவிழா எல்லாத்துக்கும் சின்ன ரெக்கார்டு ஓட்டுவோம். இந்தப் பொண்ணு ரெக்கார்டு மேல வெச்சிருக்கிற ஆசையப் பாத்து ஊசியப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு.

ஆத்தா, அந்த சூட்கேஸ் பிளேயர்ல இனிமே அம்மான் குடுத்த ரெக்கார்டு எதையும் போட வேண்டாம். அதுல இருக்கிறது செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியப் பிடிச்சிருக்கிற தலை), ஊசி அஞ்சு கிராம் வரைக்கும் அழுத்தும். நல்ல மேக்னெட் கார்ட்ரிட்ஜ் ஒன்றரை ரெண்டு கிராம்தான். கோட்டுல இருக்கிற பாட்டு ஊசி அழுத்துற அழுத்துல தேயும். நாங்க திருவிழாவுல ஊசி குதிக்காம இருக்கத் தலையில நாலணாக் காசு வெச்சு ஓட்டுவோம். அது ஒரு சீசனுக்கு உழைச்சாப் போதும்கிற ரெக்கார்டு, போனா வேற வாங்கிக்குவோம். உங்களோடது அப்படி இல்ல.

மோட்டார் ஓடுது, தட்டு சுத்தலன்னா ரப்பர் பெல்ட் போயிருக்கும். இத்தனை வருஷம் பெட்டில கெடந்தா இளகி ஒட்டிப்போயிருக்கும், இல்லாட்டி விரிஞ்சிருக்கும். தட்டத் தூக்கிப் பாருங்க. ஒட்டியிருக்கிற கறுப்பு மெழுகைச் சுத்தமாத் துடைச்சுட்டு, பெல்ட்டோட மொத்தச் சுற்றளவையும் அகலத்தையும் அளந்து புதுசு வாங்குங்க. லூசா இருந்தா பாட்டு இழுவையாக் கேக்கும். இங்கிலாந்து மிஷினுங்கிறதால கரன்ட் பிரச்சினை இருக்காது, அங்கயும் நம்மள மாதிரி அம்பது ஹெர்ட்ஸ்தான். அமெரிக்கா மிஷின்னா அறுபது, வோல்டேஜும் வேற, இங்க அப்படியே போடக் கூடாது. பிளக் மட்டும் மாத்திக்கங்க. ஊசியும் புதுசாப் போட்டுருங்க, பழைய ஊசிய நம்பாதீங்க.

கழுவுறதுக்குக் குழாய்த் தண்ணி வேண்டாம், காஞ்சதும் உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர், அதுல கொஞ்சமா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெல்லிசான துணி. கோடு போற போக்குலயே வட்டமாத் துடைக்கணும், குறுக்கத் துடைக்கக் கூடாது. லேபிள்ல ஈரம் படக் கூடாது. ஒரு எச்சரிக்கை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழைய சாமான் கடைல பெரிய கனமான தட்டு பாத்திருப்பீங்க, எழுபத்தெட்டு வேகம். அது அரக்கு கலந்தது. ஆல்கஹால் பட்டா கரைஞ்சிரும். அதுக்கு ஊசியும் வேற, கோடு அகலம். உங்க புது ஊசிய அதுல வெச்சுப் பாக்காதீங்க.

அமெரிக்கா, ஜெர்மன் அச்சு வாங்கினா நடு ஓட்டை பெருசா இருக்கும், அதுக்கு நடுவுல போடுற வட்டு ஒண்ணு தனியா வாங்கிக்கணும்.

பள்ளத்தூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சவுண்டு சர்வீஸ் அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே தட்டைத் தூக்கிப் பார்த்தேன். பெல்ட் தார் மாதிரி ஒட்டியிருந்தது. துடைத்து எடுத்து, நூல் வைத்து அளந்து எழுதிவிட்டேன். அம்மானுக்கு ஃபோன் செய்து மாடல் நம்பர் சொன்னதும் அவரே ஊசியும் பெல்ட்டும் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். அதுவரை எந்த ரெக்கார்டும் சூட்கேஸ் பிளேயரில் ஏறாது.

ரஸ்தா அண்ணே, ‘ஹெவன் நோஸ்’ தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ‘ஸ்மித்ஸ் இன்டீட்’ இருக்கிறது! திருப்பினால் ‘இல் ஃபாரெவர்’. அப்பத்தாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். “பேரு வெட்டியிருக்காகளா, பாத்திரத்துல வெட்டுற மாதிரி” என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். விவ் நிக்கல்சன் கதையைச் சொன்னதும் அந்த உறையைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தார். இப்போது ரெக்கார்டுகள் அவருடைய அறைக்கே போய்விட்டன. இரண்டாங்கட்டில் வடக்குப் பக்கம், தினமும் திறக்கிற அறை, தேக்கு அலமாரியின் நடுத்தட்டு. தரையில் இருந்து நல்ல உயரம்.

மானகிரி அண்ணே, ‘ஹாட்ஃபுல்’ எனக்கும் வேண்டும், ஆனால் சிங்கிள்களுக்குப் பிறகு.

கோட்டையூர் அண்ணே, என் பட்டியல் இது. முதலில் ‘திஸ் சார்மிங் மேன்’ ஏழு அங்குலம், ரஃப் டிரேட் லேபிள்தான், டபிள்யூஇஏ வேண்டாம். அடுத்து ‘த பாய் வித் த தார்ன்’ பன்னிரண்டு அங்குலம். ‘தட் ஜோக்’ கண்ணில் பட்டால் அதுவும். ‘ஹேண்ட் இன் க்ளவ்’ விலை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள், நான் சேர்த்து வைக்கிறேன். பன்னிரண்டு அங்குலம் கைப்பையில் அடங்குமா?

கோட்டையூர் டு ஈஸ்ட்ஹாம் எழுதியது:

அடங்கும்மா, லேப்டாப் பையில் அட்டைக்கு நடுவில் வைத்தால் போதும். எனக்கு இங்கே சனிக்கிழமை ஒரு ரெக்கார்டு சந்தை இருக்கிறது. ‘சார்மிங் மேன்’ கிடைத்தால் வாங்குவதற்கு முன்னாலேயே லேபிளையும் ரெண்டு பக்க வெற்றுப் பட்டையையும் படம் எடுத்து இங்கே போடுகிறேன். ரஸ்தா அண்ணன் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் காசு கொடுப்பேன்.